அணைக்காத பெட்டி

பெட்டியைச் சரிசெய்ய வந்த நண்பன் மெல்வின் ஸ்குரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். ரெக்சனுக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தான். தண்ணீர் குடித்தான். சாம்ப்ளரின் மேல் படிந்த துறைமுகத்து நிலக்கரித் தூசியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"ஏலே, ஒம்பது மணிக்குக் கரண்ட கட் பண்ணிருவான். மாசாந்திரப் பராமரிப்பு. ஒன் யுபிஎஸ்ஸும் சாவக் கெடக்கு. ஆஃப் பண்ணட்டா?"

"இருலே."

சாம்ப்ளர் பழைய ஜப்பான் பெட்டி. எந்தச் சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தாலும் கட்டையில் வாசிக்கலாம். ஆனால் அணைத்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதற்குள் ஃப்ளாப்பியில் ஏற்றிவிட வேண்டும். உப்புக்காற்றில் ஃப்ளாப்பி டிரைவ் துருவேறி நின்றுபோனதும், பதிலுக்குப் பென்டிரைவ் போடுகிற டிரைவ் ஒன்றை ரெக்சனும் அவன் மனைவி கிரேசியும் சேர்ந்துதான் தேடி ஆர்டர் போட்டார்கள். அது வருவதற்குள் ஒரு காலையில், மாதா கோயில் திருவிழாப் பாட்டுக்காக அவளை ஒரே ஒரு சுரம் பாடவைத்துப் பதிந்தான். கடைசியில் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டான். அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. பார்சல் அடக்கத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. அதன்பின் அவன் பெட்டியை அணைக்கவில்லை. அவள் குரல் இருந்த கட்டையைத் தொடவும் இல்லை.

"லேப்டாப்புல வயரச் சொருவி ரெக்கார்டிங்கும் போட்டுட்டேன். நீ அமுக்குனா ஏறிரும். பொறவு புது டிரைவ மாட்டுதேன். திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால வாசிச்ச கை, ஒத்தக் கட்டைய அமுக்கப் பயப்படுதாக்கும்?"

"பயமில்ல."

"பொறவு?"

ரெக்சன் மறுபடி துடைக்கப் போனான். கேட்காதவரை அவள் சொல்ல ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. கேட்டுவிட்டால் அதுவும் முடிந்தது.

தெருமுனையில் இஞ்ஞாசி அண்ணாச்சியின் மீன்வண்டி ஹாரன் கேட்டது. கிரேசி போனபின் அவர் இந்த வாசலில் நிற்பதில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒன்பது ஆகவில்லை. மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"அமுக்குலே, மூதி!"

அமுக்கினான்.

முதலில் மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு அவள் குரல், நேராக, நடுங்காமல் எழுந்தது. அது முடிவதற்குள், பதிந்த அன்று தெருவில் அடித்த மீன்வண்டி ஹாரன் குறுக்கே விழுந்தது. பாட்டு அறுந்தது. ஸ்பீக்கர் அதிர அவள் கூப்பிட்டாள்:

"ஏ அண்ணாச்சி, நில்லுங்க! போயிராதீங்க!"

நாற்காலி தள்ளுகிற சத்தம். யுபிஎஸ் ஓய்ந்தது. பெட்டியின் சின்னத் திரை இருண்டது. லேப்டாப்பில் அவள் குரல் பச்சைக் கோடுகளாக நின்றிருந்தது.

மெல்வின் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான்.

கீழே கிறீச்சென்று பிரேக் பிடித்த சத்தம். ரெக்சன் ஜன்னலுக்குப் போனான். வாசலில் இஞ்ஞாசி அண்ணாச்சி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பழக்கத்தில் மீன்பெட்டி மூடியைப் பாதி தூக்கியிருந்தார். தூக்கிய கை அப்படியே நிற்க, ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி வாசற்படியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.