ஐந்தாவது வரி

மாலைச் செய்தியில் மெட்ராஸ் ஐ தணிந்துவருவதாகச் சொன்னார்கள். பள்ளிகளுக்குப் பிள்ளைகள் பழையபடி வரத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து மண்ணெண்ணெய் பற்றிய செய்தி. மாணிக்கம்மாள் ரேடியோவை நிறுத்தினாள்.

"ஒழிஞ்சுது," என்றாள். "ரெண்டு மாசமா தரையப் பாத்துப் பேசிகினு கெடந்தோம். உன் வூட்டுக்காரருக்கு மட்டும் இன்னும் சேதி போவலியா?"

கனகம் ஜன்னல் வழியே பார்த்தாள். வேலுமணி தெருவில் இறங்கிக்கொண்டிருந்தான். மழை மூட்டம். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சைக்கிளை எடுக்கவில்லை.

"சினிமாக்காரர் மாரி மாட்டிகினு திரியறாரு. உள்ளேர்ந்து யாரப் பாக்கறாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"வெளிச்சம் கூசுதாம் அக்கா."

"எங்க இருக்குது வெளிச்சம்?"

கனகம் சிரித்தாள். சிரிக்காவிட்டால் மாணிக்கம்மாள் அதையும் கவனிப்பாள்.

அது மாணிக்கம்மாளின் குவார்ட்டர்ஸ். அவள் புருஷன் துரைராஜ் பெர்மனென்ட். பின்பக்கத்து ஒற்றை அறையில் வேலுமணியும் கனகமும் ஏழு வயதுப் பெண் பாப்பாவும் இருந்தார்கள். மாணிக்கம்மாள் பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் கனகத்துக்குக் குழாய். முன்வாசல் வழியே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவர்கள் வந்ததும் இல்லை.

வேலுமணிக்கு ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். யார்டில் கொட்டிய கரியைக் கூட்டி அள்ளுகிற வேலை. போன மாதம் வந்த லிஸ்டில் அவன் பெயர் இருந்தது. வியாழக்கிழமை மெடிக்கல். தேறிவிட்டால் பெர்மனென்ட், சுரங்கத்தில் பெல்ட் டியூட்டி, பிறகு குவார்ட்டர்ஸ். லிஸ்ட் வந்த அன்று பெல்ட்டைப் பற்றி அவன் சாப்பிடாமல் பேசினான். கரியைச் சுமந்து மைல் கணக்கில் ஓடும், நிற்காது. ஓரத்தில் ஒன்றரை அடிக்கு நடைபாதை. ஒரு பக்கம் பெல்ட், மறுபக்கம் சரிவு. மூன்று ஷிப்டும் ஆள் நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கண் வந்தது.

முதலில் பாப்பாவுக்கு, பள்ளியிலிருந்து. பிறகு கனகத்துக்கு. கடைசியில் அவனுக்கு. மூன்று பேருக்கும் மூன்று துண்டு. நகரியத்தில் அவர்கள் இருந்த வட்டத்தில் எந்த வாசலிலும் நந்தியாவட்டையில் பூ மிஞ்சவில்லை. சிலர் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினார்கள். கனகம் ஊரில் பார்த்தபடி கசக்கிப் பிழிந்து சொட்டு விட்டாள். பாப்பா கண்ணைத் திறக்கவே மறுத்தாள். வேலுமணி படுத்துக்கொண்டு காட்டினான்.

மூன்றாம் நாள் பக்கத்து வீடுகளில் பூ கிடைக்கவில்லை. நாலு வீடு தள்ளிக் கிடைத்தது கொஞ்சம். கூட மொட்டும் காம்பும். சாறு போதாதென்று எல்லாவற்றையும் சேர்த்துக் கசக்கினாள். வலது கண்ணில் விட்டதும் அவன் துள்ளி எழுந்தான். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டான்.

"எரியுது கனகம்."

"எரிஞ்சாத்தான் கேக்கும்," என்றாள் அவள்.

அதற்குமேல் அவன் விடச் சம்மதிக்கவில்லை. இதெல்லாம் ஒரு மாதத்துக்கு முன். அவளுக்கும் பாப்பாவுக்கும் ஒரு வாரத்தில் போய்விட்டது. அவனுக்கும் சிவப்பு போய்விட்டது. கண்ணாடி மட்டும் போகவில்லை.

சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பஞ்சர் என்றான். பத்து நாளாகப் பஞ்சர். கனகம் குனிந்து இரண்டு கட்டைவிரலாலும் டயரை அமுக்கினாள். பின்சக்கரம், முன்சக்கரம். இரண்டிலும் காற்று கல்லாக இருந்தது.

அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சனிக்கிழமை ஓவர்டைம் என்று போனான். இரவு சட்டையை அலசும்போது பையில் ஒரு பஸ் டிக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது. கடலூர். கல்யாணத்துக்கு முன் அவன் கடலூர் துறைமுகத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தான். அந்த வருஷத்தைப் பற்றி அவன் பேசியதில்லை. இதுவரை அவள் கேட்டதும் இல்லை.

டிக்கெட்டைச் சுவரில் ஒட்டிக் காயவைத்தாள். காய்ந்ததும் அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.

பிறகு சின்னச் சின்னதாகச் சேர்ந்தது. அவள் வலது பக்கம் வந்து நின்றால் அவன் திரும்புவதில்லை. பேசினால்தான் திரும்பினான். தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றினான். நினைப்பு இங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாப்பா நோட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். "அம்மாகிட்ட காட்டு," என்றான்.

"அப்பா என்னப் பாக்கவே மாட்டேங்குது," என்றாள் பாப்பா.

"கண்ணு வலி."

"உனக்கும்தான் வலிச்சுது. நீ பாத்தியே."

செவ்வாய்க்கிழமை அவன் குளிக்கப் போன நேரத்தில் கனகம் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் நாலாக மடித்து இருந்தது.

மேலே பெரிதாக ஒரு எழுத்து. அதன் கீழே கொஞ்சம் சின்னதாக இரண்டு. அதன் கீழே மூன்று. அப்படியே ஐந்து வரி. ஐந்தாவது வரி மிகவும் சின்னது.

அவன் கையெழுத்து இல்லை. அவன் எழுத்து வலப்பக்கம் சாயும். இது உருண்டையாக, நிதானமாக, நேரமெடுத்துக்கொண்டு எழுதியது.

அவள் பாப்பாவைக் கூப்பிட்டாள்.

"இதப் படி."

"ட. ப, ர. ம, ட, க." பாப்பா நிறுத்தினாள். "இது வார்த்தையே இல்லம்மா. யார் எழுதுனது?"

"பழைய தாள். போய் விளையாடு."

மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. வராதபடிதான் எழுதியிருக்கிறார்கள். ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாளை மடித்து உள்ளே வைத்தாள். மடிப்பு இருந்தபடியே.

புதன்கிழமை அவன் முதல் ஷிப்ட் முடிந்து வந்தான். டீ குடித்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டினான்.

"நல்லசாமியப் பாத்துட்டு வர்றேன். மெடிக்கலுக்கு என்னென்ன கேப்பாங்கன்னு கேக்கணும்."

நல்லசாமி அவனோடு யார்டில் இருந்தவன். போன மாதம் மெடிக்கல் தேறியவன். அவன் வீடு வலது பக்கம். வேலுமணி இடது பக்கம் திரும்பினான்.

பாப்பா பள்ளியிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கனகம் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

நகரியத்துச் சாலைகள் நேரானவை. ஒளிந்து போக வளைவு கிடையாது. திரும்பினால் பார்த்துவிடுவான். பார்க்கட்டும் என்று நடந்தாள். அவன் திரும்பவில்லை. சாலையின் ஓரத்தை ஒட்டியே போனான். ஓரிடத்தில் கால் பள்ளத்தில் இறங்கித் தடுமாறினான். குடித்திருக்கிறானோ என்று நினைத்தாள். டீக்கும் இதற்கும் நடுவில் நேரமில்லை.

எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் பெல் அடித்தார். அவன் விலகவில்லை. அவர்தான் ஒடித்துத் திருப்பினார்.

"கண்ணு எங்க இருக்கு?" என்று கத்திவிட்டுப் போனார்.

வட்டம் முடியும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி. அதன் பின்னால் ஒரு மதகு. பக்கத்தில் முந்திரி மரங்கள். வேலுமணி மதகின் மேல் உட்கார்ந்தான். கனகம் தொட்டியின் தூணருகே நின்றாள்.

யாரும் வரவில்லை. முந்திரி மரங்களுக்குள் சேலை நிறம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். இல்லை.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். தாளை எடுத்து ஒருமுறை பார்த்தான். மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டான். வலது கண் திறந்திருந்தது. முகத்தை நேரே தொட்டிச் சுவரின் பக்கம் தூக்கினான். உதடு அசைந்தது.

கனகம் நடந்தாள். சருகு சத்தம் போட்டது. காற்று அதைவிடச் சத்தம் போட்டது. அவனுக்கு வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போய் நின்றாள்.

"ட," என்றான் அவன். "ப, ர. ம, ட, க."

அவள் கையை நீட்டினாள். திறந்திருந்த கண்ணுக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, விரல்களை விரித்தாள்.

"வ, ப, ய, ர."

விரல்களை அசைத்தாள். அவன் இமைக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவன் துள்ளிவிட்டான். இடது கையை எடுத்துவிட்டு முழு உடம்பையும் அவள் பக்கம் திருப்பினான். அவளைப் பார்த்தான். அவள் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தான்.

"மாணிக்கம்மாளுக்குத் தெரியுமா?"

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"கண்ணு வந்தப்போருந்து. வெளிச்சம் தெரியும். நிழல் தெரியும். உருவம் கிட்டத்துல வந்தா லேசாத் தெரியும்."

"கை தெரியலியே."

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கடலூர் எதுக்குப் போனீங்க?"

"உனக்கு எப்படி..." நிறுத்தினான். "கண் டாக்டர்கிட்ட. இங்க காட்டுனா வெளிய தெரிஞ்சிடும். புண்ணு ஆறிடுச்சாம். தழும்பு நிக்குதாம். பக்கத்துலயே கண்ணாடிக் கடை. கடைக்காரர்கிட்ட கேட்டேன். கண் டெஸ்ட் அட்டையில இருக்கறத எழுதிக் குடுத்தாரு. வாத்தியாரா இருந்தவராம். இங்க மெடிக்கல்லயும் இதே அட்டைதான்னு நல்லசாமி எழுத்தக் கேட்டு சொல்லிட்டான். அஞ்சாவது வரி வரைக்கும் சொல்லணும். ஒரு எழுத்து தப்புனா விட்ருவாங்க. ரெண்டு தப்புனா அனுப்பிடுவாங்க."

"அனுப்புனா?"

"யார்டுதான். கான்ட்ராக்ட்லயே."

கனகம் மதகில் உட்கார்ந்தாள். அவனுக்கு இடது பக்கம்.

"எதனாலயாம் தழும்பு?"

"மெட்ராஸ் ஐதான்."

"அது ரெண்டு கண்ணுலயும் வந்துச்சு."

"சிலருக்கு அப்படித்தானாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். டயர் பஞ்சர் என்று சொன்ன அதே குரல். டாக்டர் என்ன கேட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன விட்டீங்க, யார் விட்டது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்றுதான் தெரியவில்லை. அன்று பூவைக் கசக்கும்போது காம்பிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்து விரலில் ஒட்டியது. சோப்புப் போட்டும் போகவில்லை.

"பெல்ட் எந்தப் பக்கம் வரும்?" என்றாள்.

"போறப்போ வலது பக்கம்." கொஞ்சம் சிரித்தான். "வர்றப்போ இடது பக்கம். பாதி வழி பத்திரம்தான்."

அவள் சிரிக்கவில்லை.

"பழகிடும் கனகம். இப்பவே பழகிட்டேன்."

திரும்பி வரும்போது அவள் அவனுக்கு வலது பக்கமாக நடந்தாள். அந்தப் பள்ளம் வந்த இடத்தில் அவன் முழங்கையைத் தொட்டாள்.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பாப்பா பள்ளிக்குப் போய்விட்டாள். அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கனகம் அடுப்பில் லெக்கோ கரியை மூட்டி உலை வைத்திருந்தாள்.

"ஒரு தரம் சொல்லுங்க," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தாளை அவளிடம் கொடுத்தான். அவள் தன் உள்ளங்கையால் அவன் இடது கண்ணைப் பொத்தினாள். இமை கைக்குள் துடித்தது.

"ட."

"ம்."

"ப, ர."

"ம்."

மூன்றாவது வரியைச் சொன்னான். நாலாவதையும் சொன்னான். வெளியே மாணிக்கம்மாள் குழாயடியில் பாத்திரங்களைப் போட்டாள்.

"அஞ்சாவது," என்றாள் கனகம்.

"க." நிறுத்தினான். "ட, ம. ப, ர."

அவள் தாளைப் பார்த்தாள். க-வுக்கு அடுத்தது ம. அதற்கடுத்துதான் ட.

"சரியா?"

அவள் இன்னொரு முறை பார்த்தாள். பின்கதவு திறந்திருந்தது. குழாய் தெரிந்தது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம். ஒன்றரை அடி இருக்கும்.

"மறுபடியும் சொல்லுங்க. அஞ்சாவது மட்டும்."

"க, ட, ம, ப, ர. சரிதானே?"

"சரி," என்றாள்.

கையை எடுத்தாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"தாளக் குடு. போற வழில இன்னொரு தரம் பாத்துக்கறேன்."

"பையில இருந்து விழுந்தா எல்லாம் போச்சு."

தாளை அடுப்பில் போட்டாள். அது ஓரத்தில் பழுத்து, சுருண்டு, பிடித்துக்கொண்டது.

வேலுமணி அடுப்பைப் பார்த்தான். பிறகு தலையைச் சற்று வலது பக்கம் ஒதுக்கி, இடது கண்ணால் அவளைப் பார்த்தான். இந்த ஒரு மாதத்தில் அவ்வளவு நேரம் அவளைப் பார்த்ததில்லை.

"நீ பாத்துத்தானே சொன்ன?"

"பாத்துத்தான் சொன்னேன்."

ஆணியில் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்தான். திரும்ப ஆணியிலேயே மாட்டினான். சைக்கிளைத் தொடாமல் வெளியே போனான்.

"அட, கண்ணாடியக் கழட்டிட்டாரு தம்பி!" மாணிக்கம்மாளின் குரல் கேட்டது. "இனிமே எங்களையும் பாப்பாரு. பெர்மனென்ட் ஆவப்போறாரு, முன்வாசல் வழியாவே போப்பா!"

அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. சங்கு ஊதியது. உலை கொதித்தது. கனகம் அரிசி டப்பாவைத் திறந்தாள். டிக்கெட் மேலேயே கிடந்தது. அதையும் அடுப்பில் போட்டுவிட்டு அரிசியைக் களைந்தாள். விரல்களைப் பார்த்தாள். இன்னொரு முறை களைந்தாள்.