கோலெட்டுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

கனடாவின் சட்பரி நகரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கோலெட் பொல்ன், உறைபனி மூடிய ஏற்றத்திலும் ஐம்பது பிள்ளைகளின் கூச்சலோடு வண்டியை நிதானமாக ஏற்றி இறக்கத் தெரிந்தவள். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை, லஸால் சாலைக் கம்ப்யூட்டர் கடையில் ஓர் அலமாரியின் முன்னால் அரை மணி நேரமாக விழித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு வேண்டியது, கம்ப்யூட்டர் திரையில் படத்தைத் தடங்கலில்லாமல் ஓடவைக்கும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. சனிக்கிழமை பிற்பகல்களில் அவளும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மூன்று தோழிகளும் கம்ப்யூட்டரில் சேர்ந்து வேட்டையாடுவார்கள். பள்ளத்தாக்கு ஒன்றில் பெரிய பெரிய மிருகங்களைத் துரத்தும் ஆட்டம். மற்றவர்கள் திரையில் மிருகம் ஓடும். கோலெட்டின் திரையில் அது விட்டு விட்டு நகரும். பாய வருகிறது என்று இவளுக்குத் தெரிவதற்குள் இவள் செத்துக் கிடப்பாள். "நாம ஆட்டம் ஆடறோம், கோலெட் போட்டோ ஆல்பம் புரட்டறா" என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

இதற்கு யார் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அர்மான்தான். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கணவன். மறு வருஷம் இருவரும் பிரிந்தபோது, அதைப் பெட்டியில் கட்டி அவள் குடிபோன வீட்டுக்கு அனுப்பியும் வைத்தான். அங்கே வந்த நாளிலிருந்துதான் இந்தத் திக்கல். ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் பார்த்தால் ஏதோ சோப்ளாங்கி சிப்பின் பெயர் இருந்தது. நல்ல கார்டை உருவிக்கொண்டு குப்பையைச் செருகி அனுப்பிவிட்டான் என்று அன்றே முடிவு கட்டினாள். பஸ் டிப்போவில் சொன்னாள், பனித்தளத்தில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பில் சொன்னாள், அர்மானின் சொந்த அத்தையிடமே சொன்னாள்.

டிப்போவில் எல்லாம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த மர்ரே டொய்வொனன், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். "நடுத்தரமா வாங்கு. 4060 டிஐ. பதினாறு ஜிபி. எட்டு வாங்கினா என் மூஞ்சில முழிக்காத."

அலமாரியிலோ 4060 என்று பச்சை எழுத்தில் எழுதிய பெட்டிகளே ஒன்பது இருந்தன. சிலவற்றில் டிஐ இருந்தது, சிலவற்றில் இல்லை. இரண்டு விசிறி, மூன்று விசிறி, வெள்ளை நிறத்தில் ஒன்று. பக்கத்தில் இன்னொரு கம்பெனியின் சிவப்புப் பெட்டிகள். அவற்றில் 7600, 7700.

கடையில் வேலை செய்யும் ரொவீனா அருகில் வந்தாள்.

"7600 பெருசா, 4060 பெருசா?" என்று கோலெட் கேட்டாள்.

"அது வேற கம்பெனி மேடம். நம்பர வச்சு ஒப்பிட முடியாது."

"சரி. எட்டு ஜிபிய விடப் பதினாறு ஜிபி வேகமா ஓடுமா?"

"வேகம் ஒண்ணுதான். சில ஆட்டத்துல மட்டும் வித்தியாசம் தெரியும்."

"எந்த ஆட்டத்துல?"

ரொவீனா கொஞ்சம் யோசித்தாள். "பெரும்பாலும்... இனிமே வரப்போற ஆட்டத்துல."

பின்னால் நின்ற தாடிக்காரர் ஒருவர் கேட்காமலே உள்ளே புகுந்தார். "சிவப்பு எடுங்கம்மா. பச்சைக் கட்சி வேணாம். நான் பதினஞ்சு வருஷமா சிவப்புதான்."

"எனக்கு எந்தக் கட்சியும் வேணாங்க. மிருகம் ஓடணும், அவ்வளவுதான்."

கோலெட் மர்ரேக்குப் போன் போட்டாள்.

"மூணு விசிறிதானே எடுத்த?" என்றார் அவர்.

"விசிறியப் பத்தி நீ வாயே திறக்கலியே!"

"அடக் கடவுளே. உன் கேஸ் எவ்வளவு நீளம்?"

"எந்தக் கேஸ்?"

"கம்ப்யூட்டர் டப்பா, தாயே! கார்டு உள்ள போகணுமில்ல?"

கோலெட் போனை வைத்துவிட்டாள். கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துணி வேர்வையில் ஒட்டியது. ரொவீனா பொறுமையாகக் கேட்டாள்: "இப்ப உங்ககிட்ட என்ன கார்டு இருக்கு மேடம்?"

"குப்பை."

"எந்த மாடல்?"

"முன்னாள் புருஷன் மாடல்."

சிரிப்பை அடக்கிக்கொண்ட ரொவீனா, எந்த டப்பாவிலும் நுழையும் என்று சொல்லி, இரண்டு விசிறி வைத்த பதினாறு ஜிபி பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம் என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான் கோலெட்டுக்கு முழுதாக விளங்கியது.

வீட்டுக்கு வந்து ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து வேலையைத் தொடங்கினாள். எதையாவது மாற்றிச் செருகிவிடப் போகிறோமே என்று கம்ப்யூட்டரின் பின்புறத்தை முதலில் போட்டோ எடுத்துக்கொண்டாள். பழைய கார்டைக் கழற்றி, அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு ரொட்டிப் பையில் போட்டாள். புதியதை அழுத்தினாள், டக்கென்று உட்கார்ந்தது. மின்சார முனையை மாட்டினாள், திருகினாள், போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு கேபிளையும் இருந்த இடத்திலேயே செருகினாள்.

ஆட்டத்தைத் திறந்தாள். மிருகம் விட்டு விட்டு நகர்ந்தது.

அணைத்துப் போட்டாள். அதேதான். அமைப்புப் பக்கத்திலும் அதே சோப்ளாங்கி சிப்பின் பெயர். அதைக் கழற்றி ரொட்டிப் பையில் போட்டாயிற்றே, பிறகு எப்படி இங்கே உட்கார்ந்திருக்கிறது? பையைத் திறந்து பார்த்தாள். கார்டு பைக்குள்தான் இருந்தது. பேய் பிடித்த வீடு மாதிரி இருந்தது அவளுக்கு. தான் கழற்றியதும் மாட்டியதும் நிஜமா என்றே சந்தேகம் வந்து, மூடியைக் கழற்றி மறுபடி பார்த்தாள். புது விசிறிகள் இரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை பஸ்ஸை டிப்போவில் விட்ட கையோடு புதுக் கார்டையும் ரொட்டிப் பையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"இதுவும் குப்பைதான்" என்று மேஜைமேல் வைத்தாள்.

ரொவீனா நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "திரைக்குப் போற கேபிள எங்க சொருகினீங்க?" என்றாள்.

"இருந்த இடத்துலதான். போட்டோவே இருக்கு, பாரு."

ரொவீனா போட்டோவை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். 

"மேடம், இது கார்டுல இல்ல. மேல மதர்போர்டுல, அதாவது கம்ப்யூட்டரோட மெயின் பலகைல, இருக்கற ஓட்டைல சொருகியிருக்கு. கார்டோட ஓட்டை கீழ, இதோ, காலியா இருக்கு."

"அதனால?"

"மதர்போர்டோட ஒட்டின சின்ன சிப் ஒண்ணு இருக்கும். அதுதான் இவ்வளவு நாளும் படம் காட்டிட்டு இருந்திருக்கு. கார்டு சும்மாவே உக்காந்திருந்திருக்கு. புது வீட்டுக்குப் போனப்ப கேபிள யார் மாட்டினது?"

கோலெட் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளேதான் மாட்டினாள். யார் உதவியும் தேவையில்லை என்று பெருமையாக, வாயால் ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே மாட்டினாள்.

ரொவீனா ரொட்டிப் பையிலிருந்த கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது 3060. பன்னண்டு ஜிபி. குப்பையெல்லாம் இல்ல மேடம். உங்க ஆட்டத்துக்கு இது தாராளம். வந்த புதுசுல ஊரெல்லாம் தட்டுப்பாடு, இத வாங்கறதுக்குள்ள ஜனங்க பட்ட பாடு இருக்கே!" கடைக் கம்ப்யூட்டரில் அதைச் செருகியும் காட்டினாள். மிருகம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

புதுக் கார்டு கடைக்கே திரும்பிப் போயிற்று. வண்டிக்குள் வந்து உட்கார்ந்த கோலெட், சாவியைப் போடாமல் அர்மானின் எண்ணை அழுத்தினாள். பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"கோலெட்டா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றான் அவன்.

"இல்ல. அந்தக் கார்டு... நீ மாத்தல."

"எந்தக் கார்ட?"

"கம்ப்யூட்டர் கார்டு. நீ திருடிட்டேன்னு நெனச்சேன். கேபிள நான்தான் தப்பா சொருகியிருக்கேன்."



"கர்லிங் கிளப்புல ஒருத்தரும் எங்கூட சரியா பேசறதில்ல, தெரியுமா?" என்றான் அர்மான். "ஏன்னே எனக்குப் புரியல. அப்புறம் அத்தைதான் சொன்னா. அந்தக் கார்டுக்காக பாரி ஊரு வரைக்கும் மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போயி, கடை வாசல்ல பனியில நின்னேன். எத வாங்கறதுன்னும் தெரியல. வரிசைல நின்னவன் ஒவ்வொருத்தனும் ஒண்ணு சொன்னான்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே."

"பரிசு குடுக்கறப்ப அதெல்லாம் சொல்லுவாங்களா?"

"மன்னிச்சுக்க, அர்மான்."

"எங்கிட்ட சொன்னது சரி. அவங்ககிட்டயும் சொல்லு" என்று வைத்துவிட்டான். குரலில் கோபமா வருத்தமா, அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை டிப்போவில், காபிக் கோப்பைகளோடு நின்ற ஓட்டுநர்கள் நடுவில் கோலெட் குரலை உயர்த்தினாள். "அர்மான் எதையும் திருடல. தப்பு என்னுது. ரெண்டு வருஷமா நான் சொன்னதெல்லாம் பொய்." அங்கே நின்ற எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். மர்ரே மட்டும், "கேபிளா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அன்று மாலையே கர்லிங் கிளப்புக்கும் போனாள். அங்கே சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை பழைய கார்டோடு ஆட்டத்துக்குள் நுழைந்தாள். பள்ளத்தாக்கு முழுக்கப் புல். இதுவரை பச்சைக் கட்டியாகத் தெரிந்தவையெல்லாம் இலை இலையாக ஆடின. ஆற்றுக்குள் மீன்கள் ஓடின. இரண்டு வருஷம் ஓடித் திரிந்த இடம்தான். ஆனால் எந்த மரத்தடியில் திரும்ப வேண்டும், எந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்க வேண்டும், ஒன்றும் பிடிபடவில்லை.

"கோலெட், எங்கடி இருக்க?" என்று காதில் தோழியின் குரல் கேட்டது.

"தெரியலடி" என்றாள் கோலெட். "ஆத்தங்கரைல நிக்கறேன்னு நெனைக்கறேன். யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க."