கார்பெல் பாணி

எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், மறைக்கப்போவதில்லை.

பாரிஸில் யார் வேண்டுமானாலும் பாட்டுக்கு மெட்டுப் போடலாம். ஆனால் அச்சடித்த தாளில் பேர் வரவேண்டுமென்றால், இசையமைப்பாளர் சங்கத்தின் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். நான் தேறாதவள். அதனால் மூன்று வருஷமாக என் மெட்டெல்லாம் முசியே கார்பெல் பேரில்தான் வந்தது. பரீட்சையில் எப்படித் தேறினாரோ, அந்த மனுஷனுக்கு ஸ்வரம் எழுதவே தெரியாது. பியானோவை ஒற்றை விரலால் தட்டுவார், அவ்வளவுதான். ரேடியோவில் ஊரே கேட்கிற ‘குடை மறந்தவன்’ நான் போட்டது. மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ரெய்மோந்த் அதை முணுமுணுத்துவிட்டு, "கார்பெல் பெரிய ஆளுடி யோலாந்த்" என்பாள், என்னிடமே. நானும் தலையாட்டுவேன்.

நாற்பது வயதானது. போதுமடா சாமி என்று பரீட்சைக்குப் போனேன்.

ஒரு அறையில் விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு பியானோ, மெட்டுப் போட ஒரு பாட்டின் வரிகள், ஒரு மணி நேரம். ரயிலைத் தவறவிட்டவளைப் பற்றிய பாட்டு எனக்கு வந்தது. நாற்பது நிமிஷத்தில் மெட்டை எழுதி முடித்துவிட்டேன்.

கதவைத் திறந்து கூட்டிப் போனார்கள். மூன்று நடுவர்கள். நடுவில் கார்பெல். நம்ம ஆள்தானே என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வயதான நடுவர் என் தாளை வாசித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மதாம் ப்ருவோ. ஆனா இது அப்படியே நம்ம கார்பெல் பாணி. காப்பியடிக்கிறவங்களைச் சேர்த்துக்க முடியாதே."

"அவர் பாட்டெல்லாம் நான் போட்டதுங்க" என்றேன்.

"மாசத்துக்கு ஒருத்தர் இங்க வந்து இதையேதான் சொல்றாங்க" என்றார் அவர், சலிப்போடு.

கார்பெலைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிகரெட் சாம்பலைத் தட்டிவிட்டு, "விடுங்க, பாவம். என் பாட்டையே கேட்டுக் கேட்டுப் பழகிட்டாங்க. சொந்தமா ஏதாவது முயற்சி பண்ணட்டும்" என்றார்.

பாவமாம். நானாம்.

வியாழக்கிழமை வழக்கம்போல மெட்டு வாங்க, கார்பெல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றார், வெட்கமே இல்லாமல்.

"கோவமா? சபையில வேற என்னம்மா சொல்ல முடியும்? அடுத்த வருஷம் நானே தேத்தி விடறேன். நாளைக்கு ஒத்திகை, புதுப் பாட்டு ரெடியா?"

"ரெடி" என்றேன். உட்கார்ந்து வாசித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மெட்டு வந்ததில்லை. அவருக்குக் கண் விரிந்தது.

"அடேங்கப்பா. சீக்கிரம் எழுதிக் குடு."

பியானோவை மூடினேன். "எப்படிங்க முசியே? நான் எழுதினா காப்பியாயிடுமே. உங்க பாணிதானே, நீங்களே எழுதிக்கோங்க."

வெறும் ஸ்வரத்தாளையும் பென்சிலையும் அவர் முன்னால் நகர்த்தினேன். சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார். பழக்கதோஷம், தாளின் உச்சியில் தன் பேரை அழகாக எழுதினார். அதற்குக் கீழே எழுத அவரிடம் ஒன்றுமில்லை.