வரிசை மாறாமல்

பக்கவாதம் வந்து ஐந்து மாதத்தில் பிரகாசத்தின் கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. அம்பத்தூரில் அவர் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த கம்பெனி ஒரு தேதி கொடுத்தது. அன்று டாக்டர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

அவர் மனைவி ஜெயசீலி பதினெட்டு வருடமாக மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். கேள்வி மாறாது, வரிசை மாறாது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்குள் எல்லாப் பிள்ளையும் ஒப்பித்துவிடும். கணவருக்கும் அப்படியே ஐந்து கேள்விகள் எழுதினாள். பெயர், வயது, ஊர், வேலை, மனைவி பெயர். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. முடித்த பிறகுதான் சாப்பாடு. சில நாள் சோறு ஆறிக் காய்ந்துபோகும்.

பார்க்க வந்த ரகுநாதன், கூட வேலை செய்பவர், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமே, இந்த வயசுல புதுநன்மையா?"

பிரகாசம் சிரித்தார்.

"சிரிக்க வெக்காதீங்கண்ணா," என்றாள் ஜெயசீலி. "வந்துகினு இருக்கறதும் போய்டும்."

தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஐந்தையும் தடங்கலில்லாமல் சொன்னார். அவள் முழங்காலிட்டு அழுதாள்.

கம்பெனி அறையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். டாக்டர் இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"இங்க என்ன வேலை பாத்தீங்க சார்?"

"பிரகாசம்."

"சரி, பேரு பிரகாசமா?"

"ஐம்பத்திரண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வயசு ஐம்பத்திரண்டா சார்?"

"பட்டாபிராம்," என்றார் பிரகாசம், திருத்தமாக.

நான்காவது கேள்வி வரவில்லை. டாக்டர் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ் நிறுத்தத்தில் ஜெயசீலிக்கு அடக்க முடியவில்லை. "அந்தாளு கேட்டது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. இன்னாய்யா ஆச்சு உனக்கு?"

அது பட்டியலில் இல்லாத கேள்வி. பிரகாசம் சாலையையே பார்த்தார். உதடு இழுத்தது, தாடை நடுங்கியது. ஒரு லாரி போய், இன்னொன்றும் போனது.

"பய... பயம்."

யாரும் சொல்லிக்கொடுக்காத சொல். ஜெயசீலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரப் பாத்தா?"

இல்லை என்று தலையசைத்தார். மறுபடி தேடினார். இந்த முறை சீக்கிரமே கிடைத்தது.

"நீ."

அவள் கையை விட்டாள். பட்டாபிராம் பஸ் வந்து நின்றது. "ஏறுங்க," என்றாள்.