ஒன்பதாம் பக்கத்தில் இருந்த வயது

பெட்டிக்காரர் தன் ஓய்வுக்காலத் திட்டத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள், வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எண்பத்தாறு வயதான பெட்டிக்காரர் ஒரு தோல் பையோடு வந்து அழைப்பு மணியை அடித்தார். கதவைத் திறந்தவர் அறுபது வயதுப் பெட்டிக்காரர். வந்தவருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வலதுபக்கம் இரண்டாவது அறைக்குப் போனார், ஜன்னலோர நாற்காலியை வெயில் படாத பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அன்று மழை இல்லை. அட்டையின் விலை டன்னுக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முப்பத்து நான்கு வருடம் அட்டைப்பெட்டி செய்து விற்றவர் என்பதால் ஊருக்கே அவர் பெட்டிக்காரர். முதல் பத்து வருடம் அவர் மனைவியும் கூடவே உட்கார்ந்து பசை தடவியவர். அந்தம்மாவின் விரல் நுனிகளில் இன்றைக்கும் ரேகை சரியாக விழாது. மூன்று ஆலைகளில் இரண்டை நல்ல விலைக்கு விற்று, மூன்றாவதை மகளிடம் கொடுத்துவிட்டு, மிச்ச ஆயுளுக்குத் திட்டம் போட ஒரு ஆலோசகரை அமர்த்தினார்கள். வசதியான குடும்பங்களுக்கு மட்டுமே வேலை செய்யும் அந்த மனிதர் எங்கு போனாலும் வெந்நீர்தான் குடிப்பார். சாவு என்ற சொல் அவர் வாயில் வராது. 'திட்டம் முடியும் வயது' என்பார். எல்லோருக்கும் அப்படி ஒரு வயதை எழுதி, அதுவரை பணம் வருமா என்று பார்ப்பதுதான் அவர் தொழில்.

பெட்டிக்காரர் சந்தேகப் பிராணி. வந்தவரின் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பார்த்தார். வெட்டும் இயந்திரத்தில் பட்ட தழும்பு அதே இடத்தில் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். கொஞ்சம் நடுங்கியது, மற்றபடி அச்சு அசல். அதற்கும் மேல் சந்தேகம் வந்து ஆலோசகருக்குப் போன் செய்தார்.

"இந்த ஆளை நீங்கதானே அனுப்பினீங்க? என்னைப் பயமுறுத்தி இன்னும் ரெண்டு பாலிசி தலையில கட்டலாம்னு."

"இல்லைங்க சார். வேற சில வீட்டுக்கும் வந்திருக்காங்க. பொதுவா ஒரு வாரத்துல கிளம்பிடுவாங்க."

பெரியவர் கிளம்பவில்லை. பெட்டிக்காரர் செக் புத்தகத்தை இடம் மாற்றி வைத்தார். பங்கு கேட்டு வந்திருக்கும் அப்பாவின் அண்ணன் யாரோ என்று மகள் சந்தேகப்பட்டு, பழைய போட்டோக்களையெல்லாம் புரட்டினாள். வயதான காலத்தில் மகள் தன்னைக் கைவிட்டிருப்பாளோ என்று பெட்டிக்காரருக்கு ஒரு பயம் இருந்தது. அவள் வரும்போதெல்லாம் பெரியவரின் முகத்தையே கவனித்தார். பெரியவரோ அவளைக் கண்டால் சிரித்து, வண்டியை மெதுவாக ஓட்டு என்று சொன்னதோடு சரி. இப்படியே ஏழு மாதம் போனது. அந்தம்மா "என்னங்க" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பினார்கள். அது வீட்டில் பழகிப்போனது.

அந்தம்மாவின் சந்தேகம் வேறு. பெரியவரின் சட்டைப் பட்டன்கள் கறுப்பு நூலிலும் பச்சை நூலிலும் கோணல்மாணலாகத் தைக்கப்பட்டிருந்தன. தன் கணவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும், கல்யாணமானதிலிருந்து பட்டன் தைத்துக் கொடுப்பவர் அவர்தான். ஆரஞ்சு உரித்தால் பெரியவர் பாதியைத் தனியே ஒரு தட்டில் வைத்து மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அங்கே அந்தம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திடுக்கிட்டார். அந்தம்மா குளிக்கப் போனால்கூட, வெளியே வரும்வரை கதவைப் பார்த்தபடி நின்றார். ஒருநாள் மதியம், கணவர் வங்கிக்குப் போயிருந்தபோது, அந்தம்மா பெரியவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வந்துட்டீங்க. நான் எங்க?"

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"நாலு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப எனக்கு என்ன வயசு?"

"எழுபத்தொம்பது."

"எங்க அம்மா வழியில தொண்ணூறுக்கு முன்னாடி ஒருத்தரும் போனதில்லையே. என்ன வந்துச்சு எனக்கு?"

"ஒண்ணும் வரல. நல்லாத்தான் இருந்தே. ஒன்பதாம் பக்கத்தைப் பாரு."

திட்டத்தின் கோப்பு பீரோவின் மேல்தட்டில் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு பெயர், இரண்டு வயது. அவருக்கு எண்பத்தாறு, அந்தம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று என்று அச்சடித்திருந்தது. தொண்ணூற்றொன்றின் மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் எழுபத்தொன்பது, பெட்டிக்காரரின் கையெழுத்தில். கீழே அவருடைய சுருக்கொப்பம்.

கணவர் திரும்பி வந்ததும் அந்தம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் மழுப்பிப் பார்த்தார், பிறகு சொன்னார். கடைசி வருடங்களில் பணம் போதாமல் கணக்கு சிவப்பாக வந்ததாம். கடற்கரை வீட்டை விற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறெதையாவது குறைக்க வேண்டும் என்று ஆலோசகர் சொன்னாராம். மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியும் அந்த வீட்டை விட அவருக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடத்தைக் குறைத்ததும் எல்லாம் பச்சையாகிவிட்டது.

"வெறும் நம்பர்தானே? எழுதினா மட்டும் ஆயிடுமா?" என்றார்.

அந்தம்மா பக்கத்து அறையைக் கை காட்டினார். அங்கே பெரியவர் தட்டில் பாதி ஆரஞ்சோடு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரர் வெகுநேரம் அவரையே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தம்மாவுக்கு வலித்தது. பசை தடவிய பத்து வருடமும் அந்தக் கோட்டின் கீழே போய்விட்டதுபோல வலித்தது.

மறுநாள் ஆலோசகர் வந்து வெந்நீர் குடித்தார். அந்தம்மா பேனாவை வாங்கி எழுபத்தொன்பதை அடித்துவிட்டுத் தொண்ணூற்றொன்று என்று எழுதினார். பதினான்காம் பக்கத்தில் கடற்கரை வீட்டையும் அடித்தார். கணவருடைய எண்பத்தாறைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனா அந்த எண்ணின் மேலேயே நின்றது. பெட்டிக்காரருக்கு வியர்த்தது. அதை அந்தம்மா தொடாமல் விட்டுவிட்டார். அடித்தல் திருத்தலுக்கு இரண்டு பேருடைய ஒப்பமும் வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார், இரண்டு பேரும் போட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அழைப்பு மணி அடித்தது. கைத்தடியோடும் ஒரு சின்னப் பையோடும் தொண்ணூற்றொரு வயது மூதாட்டி நின்றார். கதவைத் திறந்த அந்தம்மாவை மேலும் கீழும் பார்த்து, புடவையின் நிறம் எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நேராக வலதுபக்கம் இரண்டாவது அறைக்குப் போனார். அவருடைய கணக்கில் கணவர் போய் எட்டு வருடம். பெரியவருடைய கணக்கில் மனைவி போய் நான்கு வருடம். பெரியவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். மூதாட்டி பக்கத்தில் போய் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாருங்க இதைத் தெச்சது?"

"நான்தான்."

"கழட்டுங்க."

இப்போது அந்த வீட்டில் நான்கு பேர். செலவுப் பட்டியலில் ஆலோசகர் இரண்டு தலையைக் கூட்டிவிட்டார், மருந்துச் செலவு கொஞ்சம் அதிகம், மற்றபடி சமாளிக்கலாம் என்கிறார். கடற்கரை வீட்டை ஒரு பல் மருத்துவர் வாங்கினார். பெரியவர் உரிக்கும் ஆரஞ்சில் பாதி அந்தப் பக்கம் போகிறது, திரும்பி வருவதில்லை. பெட்டிக்காரர் ஊசியில் நூல் கோக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். அந்தம்மா அவரோடு சகஜமாகத்தான் பேசுகிறார், மாதம் பிறந்தால் பீரோவைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பூட்டுகிறார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.