பின்னக் கோட்டுக்குக் கீழே

கணக்குக் கற்றுத்தரும் அந்தச் செயலியில், விடை எழுதும் கீபோர்டை வடிவமைத்தவள் அவள்தான். அதனால்தான் தங்கை போனில் பொரிந்து தள்ளியபோது சுருக்கென்றது.

"அக்கா, உன் பொட்டி எங்க பிள்ளைங்களை மக்குன்னு சொல்லுது. நேர்ல வந்து பாரு!"

தங்கை ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. அவள் வகுப்புக்குத்தான் சோதனைக்காக டேப்லெட்டுகள் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை அக்காக்காரி போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. அரையையும் காலையும் கூட்ட வேண்டும். நோட்டில் மளமளவென்று போட்டுவிட்டாள்: நாலில் இரண்டு, கூட்டல் நாலில் ஒன்று, ஆக முக்கால். அதையே டேப்லெட்டில் அடித்தாள். இரண்டு, கோடு, நாலு, கூட்டல். கூட்டல் குறி கோட்டுக்குக் கீழே, நாலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அதன்பின் அடித்ததெல்லாம் அங்கேயே குவிந்தது. தவறு என்றது திரை. மூன்று தடவை அடித்தாள். மூன்று தடவையும் தவறு.

சிறுமி ரப்பரை எடுத்து நோட்டில் இருந்த சரியான விடையை அழித்தாள். திரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கோட்டுக்குக் கீழே தள்ளி எழுதினாள்.

"ஏம்மா அழிச்சே? சரியாத்தானே போட்டிருந்தே?" என்று கேட்டாள் அக்கா.

"இது தப்புன்னு சொல்லுதே, மிஸ்."

அந்த டேப்லெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் கோபம் தலைக்கேறியிருந்தது.

"சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதீங்க," என்றார் மேலாளர். "நாலு விடை கொடுத்து ஒண்ணைத் தொடச் சொல்லிடலாம். திங்கட்கிழமை வெளியீடு."

"கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் நாலுல ஒண்ணு சரியா வரும். அதுக்குப் பேரு கணக்கா சார்?" டேப்லெட்டை அவர் முன் நகர்த்தினாள். "அரையும் காலும். நீங்க போடுங்க."

போட்டார். தவறு. மறுபடியும் போட்டார். தவறு. மென்பொருளைச் சோதிப்பவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"எனக்கு இந்தக் கீபோர்டு பழக்கமில்ல."

"அந்தப் பிள்ளைக்கும் பழக்கமில்ல. ஆனா கணக்கு தெரியும். தப்பு என்னோடது. இதை வெளிய விட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற ஆள் போடுவாங்க," என்று சோதிப்பவர் பக்கம் திரும்பினார் மேலாளர்.

மேலாளர் தும்மினாலே எழுந்து நிற்கும் மனிதர் அவர். "நானும் போடலை சார்," என்றார்.

வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போனது. கீபோர்டை அடியோடு தூக்கி எறிந்தாள். நோட்டில் எழுதுவதுபோல விரலால் எழுத வெற்றிடம் வைத்தாள். எழுத்து புரியாவிட்டால் செயலி தவறு போடக் கூடாது, "இது என்ன எண்?" என்று கேட்க வேண்டும். தங்கை வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் கிறுக்கலையும் வாங்கி வந்து செயலிக்குப் பழக்கினார்கள்.

அவளுக்கு வரவேண்டிய குழுத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

"பிடிவாதத்தால என்னத்தக் கண்டீங்க?" என்றார் மேலாளர். "இனிமேலாவது சொன்னதைக் கேப்பீங்களா?"

"பிள்ளைங்க சொன்னா கேப்பேன் சார்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். பிள்ளைகள் எழுதிய 7-ஐ 1 என்று படித்துக்கொண்டிருந்தது செயலி. அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.