நீர்க்காகம் பார்க்கப் போன பரிசல்

வைகை அணைத் தண்ணீருக்குள் பட்டுப்போய் நின்ற கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்தன. சுருளியாண்டிக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவன் வலையில் விழும் ஜிலேபிக் கெண்டையில் பாதியைக் கொத்திக்கொண்டு போவதோடு வலையையும் கிழித்துவிடும். பரிசலை நெருக்கிப் போய், விளிம்பில் துடுப்பால் படபடவென்று தட்டி, தொண்டை கிழியக் கத்தி விரட்டுவான். கூட்டைக்கூடக் கலைத்திருக்கிறான். வயிற்றுப்பாடு அப்படி. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. மீன்பாடு குறைந்து, கரையில் இருந்த பத்துக் குடும்பமும் அரை வயிற்றோடு படுத்தன. அணைப் பூங்காவுக்கு வந்த மதுரைக்காரர்கள் சிலர் அந்தப் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். மீனவர் சங்கத்தைப் பார்த்துக்கொண்ட கர்ணன் விவரமான ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் ஏற்றிப்போக வீடுகளுக்கு முறை வைத்து ஏற்பாடு செய்துவிட்டான். அடுப்பெரிய ஒரு வழி பிறந்தது.

சுருளியாண்டி வீட்டுக்கு மட்டும் பிறக்கவில்லை. மற்றவர்கள் போனால் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் நீர்க்காகங்கள், இவன் தலையைத் தூரத்தில் கண்டதுமே மொத்தமாகக் கிளம்பிவிடும். ஏறியவர்கள் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

அடுத்த முறைக்கு முந்தின நாள் கர்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாமா, கோவிச்சுக்கிராதீக. வந்தவுக போயி வெளிய பேசுனா பத்து வீட்டுப் பொழப்பும் போயிரும். நாளைக்கு ஒரு தடவ பாப்போம். இல்லாட்டி ஒங்க முறைய வேற வீட்டுக்கு விட்டுருவோம்."

வெட்கமும் ஆத்திரமுமாக வீடு வந்தவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, மனைவி பஞ்சம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுகளுக்கு ஒங்களத்தான்யா ஆகாது, என்னைய இல்ல. நாந் துடுப்புப் போடுறேன். முள்ளு முங்கிக் கெடக்குற எடத்தக் கையால காட்டுங்க, போதும். வாயத் தொறந்தீக, தண்ணிக்குள்ள தள்ளிருவேன்."

மறுநாள் எப்போதும் கட்டும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, கர்ணனிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு, வந்தவர்கள் நடுவில் சுருளியாண்டி குத்தவைத்து உட்கார்ந்தான். பஞ்சம்மாள் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டாள். மரம் நெருங்க நெருங்க அவன் தலையைக் குனிந்துகொண்டான். பறவைகள் ஒரு தடவை சிறகை அசைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே இருந்துகொண்டன. அவன் வீட்டு முறை கைவிட்டுப் போகவில்லை.

பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். மொட்டைக் குஞ்சு ஒன்று தாயின் தொண்டைக்குள் தலையையே நுழைத்து இரை வாங்கிக்கொண்டிருந்தது. அவன் வலையிலிருந்து போன மீனாகத்தான் இருக்கும். கோபம் வரவில்லை. கலைத்துப் போட்ட கூடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

பக்கத்திலிருந்த கேமராக்காரர் அவனையும் தங்களைப் போல வந்தவன் என்றே நினைத்துவிட்டார்.

"நீங்க எந்த ஊர்லேர்ந்து சார் பாக்க வந்திருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுருளியாண்டி துடுப்புப் போடுகிறவளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

"இந்தக் கரைதாங்க," என்றான். "இருவது வருசமா இங்கனதான் மீன் புடிக்கிறேன். பாக்க இன்னிக்குத்தான் வந்தேன்."